வாத்து கொத்தாகச் செத்தால் உடனே செய்ய வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்ததும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கமெல்லாம் வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்து மந்தைகள் இறங்கிவிடும். கோடியக்கரைக்கு வலசை வந்த பறவைகளும் அந்த நேரத்தில் இன்னும் திரும்பிப் போயிருக்காது. இரண்டும் ஒரே தண்ணீரில் இறங்கினால் எச்சத்தின் வழியாகப் பறவைக் காய்ச்சல் வைரஸ் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். அதனால் மந்தைக்காரர்கள் மட்டுமல்ல, கொல்லையில் நாலு கோழி வளர்ப்பவர்களும் இதைப் படித்து வையுங்கள்.

ஒன்றிரண்டு செத்தால் பதற வேண்டாம், வெள்ளைக் கழிச்சல், பூச்சிமருந்து என்று வேறு காரணங்கள் இருக்கும். ஆனால் ஓரிரு நாளில் கொத்தாகச் செத்தாலோ, வாத்து கழுத்தைத் திருகிக்கொண்டு தண்ணீரில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாலோ, கோழிக்குக் கொண்டை நீலம் பாரித்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வாத்து சில நேரம் நோயே தெரியாமல் திரிந்து வைரஸைப் பரப்பும், அதனால் பக்கத்து வீட்டுக் கோழி செத்தாலும் உங்கள் வாத்தை அடைத்து வையுங்கள்.

செத்ததை வெறுங்கையால் தொடக் கூடாது. வாய்க்காலில் வீசவே கூடாது! நம் ஊரில் நடக்கிற பெரிய தப்பு இதுதான், அந்தத் தண்ணீர் கடைமடை வரை போகிறது, குளிர்ந்த தண்ணீரில் இந்த வைரஸ் பல நாள் தாங்கும். நாயும் காக்கையும் இழுக்காதபடி கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டு, கால்நடை மருந்தகத்துக்கோ, கால்நடை உதவி எண்ணான 1962-க்கோ போன் செய்யுங்கள். அவர்கள் வருவதற்குள் புதைத்துவிட்டால் சோதிக்க ஒன்றுமிருக்காது.

அந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், மாதிரி ஐஸ் பெட்டியில் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகம் வரை போகும். வைரஸின் மரபணு வரிசையைப் படித்து, மற்ற நாடுகளில் கிடைத்ததோடு ஒப்பிட்டால்தான் அது மனிதத் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்படி மாறுகிறதா என்று தெரியும். 1996-ல் சீனாவின் குவாங்தோங்கில் ஒரு வாத்தினப் பறவையில் கண்டறியப்பட்ட எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் வகை, அடுத்த ஆண்டே ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. 2020 ஜனவரியில் கொரோனாவின் மரபணு வரிசையை விஞ்ஞானிகள் பொதுவில் வெளியிட்டதால்தான் சில நாட்களிலேயே பரிசோதனை முறை தயாரானது. அப்படிப் பகிர்வதற்கு முதலில் மாதிரி வேண்டும், அது உங்கள் வயலிலிருந்துதான் வர வேண்டும்.

சரி, செத்ததை ஏற்கெனவே தொட்டுவிட்டீர்களா? சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், இந்த வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்பில் கரைந்துவிடும். அடுத்த 10 நாளைக்குள் காய்ச்சல், இருமல், கண்சிவப்பு வந்தால் டாக்டரிடம் 'செத்த வாத்தைத் தொட்டேன்' என்பதை முதலில் சொல்லுங்கள். இந்த வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையை, அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், அவர் சாதாரணச் சளி என்று நினைத்தால் அந்த நேரம் போய்விடும்.

நஷ்டத்துக்குப் பயந்து மறைப்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நோய் உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள பறவைகளை அழிப்பார்கள், அப்படி அழிப்பவற்றுக்கு அரசு இழப்பீடு உண்டு. அப்புறம், எந்தத் தேதியில் எத்தனை செத்தன, அதற்கு முன் மந்தை எந்தெந்த ஊரில் மேய்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், வருகிற டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.