காணாமற்போன கோத்திரங்களை வீட்டுக்கூட்டத்தில் படிப்பது எப்படி?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் வெள்ளி இரவு வேதபாடம் நடத்துகிறேன். பழைய இஸ்ரவேலின் வடநாட்டில் இருந்த பத்துக் கோத்திரங்கள் எங்கே போயின என்று யாராவது கேட்டால், யூடியூபைத் திறக்காதீர்கள், வேதத்தைத் திறங்கள்.

முதலில் 2 இராஜாக்கள் 17. கி.மு. 722 வாக்கில் சமாரியா விழுந்து, வடநாட்டு மக்களை அசீரியர் சிறைகொண்டுபோன வரலாறு அங்கே இருக்கிறது. அப்புறம் எசேக்கியேல் 37. பலர் எலும்புப் பள்ளத்தாக்கோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் 15ஆம் வசனத்திலிருந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தென்னாட்டைக் குறிக்கும் யூதாவின் கோலும் வடநாட்டைக் குறிக்கும் யோசேப்பின் கோலும் தீர்க்கதரிசியின் கையில் ஒன்றாகின்றன. இந்த இணைப்பு இனிமேல்தான் நடக்கும் என்பார்கள் சிலர், கிறிஸ்துவுக்குள் நிறைவேறிவிட்டது என்பார்கள் சிலர். இஸ்ரவேலின் மீட்பைப் பேசும் ரோமர் 11ஐ நடுவில் வைத்து, இரு தரப்பையும் பேச விடுங்கள்.

பிரிட்டிஷார்தான் அந்தக் கோத்திரத்தார் என்ற பழைய வாதத்துக்கு ஆதாரமில்லை. அதைச் சட்டென்று கடந்துவிடுங்கள். தங்களை மனாசே கோத்திரத்தின் வழிவந்தவர்கள் என்று சொல்லும் மணிப்பூர், மிசோரமின் பினே மெனாஷே மக்களைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். 2005இல் இஸ்ரேலின் தலைமை ரபி (யூத மதகுரு) ஒருவர் அவர்களை இஸ்ரவேல் வழித்தோன்றல்களாக ஏற்றார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் லூக்கா 2:36. தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்ட அன்னாள் ஆசேர் கோத்திரத்தாள். ஆக, வடக்குக் கோத்திரங்கள் அடியோடு மறைந்துவிடவில்லை! வெளிப்படுத்தின விசேஷம் 7இன் கோத்திரப் பட்டியலில் தாண் கோத்திரம் ஏன் இல்லை என்ற கேள்வியை மட்டும் அடுத்த வாரத்துக்கு வையுங்கள். அது நீளும், தூரத்திலிருந்து வருபவர்கள் கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க வேண்டும்.