தனுஷ்கோடியைப் படமெடுக்க: உணர்வு முதலில், கேமரா அப்புறம்

தனுஷ்கோடி என்று தேடினால் வரும் படங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: இடிந்த தேவாலயம், நீல வானம், ஓரத்தில் செல்ஃபிக் கூட்டம். அழகுதான், மனசில் நிற்காது. நிலக்காட்சியில் உணர்வைக் கொண்டுவரப் பழக அந்த ஊரையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஒரு வரி எழுதுங்கள்

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரோடு சேர்த்து, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் வாரிக்கொண்டு போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் ஓலைக் குடிசை போட்டுத் தொழில் செய்கிறார்கள். இதில் உங்களை உலுக்குவது எது? ‘கடல் ஊரைத் தின்றது’ என்பதா, ‘அதன் பிறகும் இவர்கள் போகவில்லை’ என்பதா? ஒன்றை மட்டும் போனில் எழுதி வையுங்கள். இனி எல்லா முடிவும் அதை வைத்துத்தான்.

படி 2: பொழுது

கடற்கரை நிலமான நெய்தலுக்கு, வெயில் சாயும் பொழுதான எற்பாட்டையும், பிரிவில் வருந்தும் இரங்கலையும் சேர்த்து வைத்தார்கள் நம் முன்னோர். அந்த நேரத்தில் தேவாலயச் சுவரைப் பாருங்கள்: பவளப்பாறைக் கல்லின் ஒவ்வொரு பொத்தலிலும் நிழல் விழும். உச்சிவெயிலில் அதே சுவர் வெறும் சுண்ணாம்புத் திட்டு. இருட்டும்வரை அங்கே இருக்க விடமாட்டார்கள், நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: நிற்கும் இடம்

முதல் வரி என்றால் வைட் லென்ஸ் போட்டுச் சுவருக்கு நெருங்கிப் போய், தாழ உட்கார்ந்து எடுங்கள். இரண்டாவது என்றால் நன்றாகப் பின்னால் வந்து 200 மி.மீ. வரை ஜூம் செய்யுங்கள். குடிசைக்குப் பின்னால் இடிபாடு பெரிதாக எழும்பி நிற்கும். வலை சரிசெய்பவர் ஃபிரேமுக்குள் வந்தால் நல்லது. “அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

படி 4: ஷட்டர்

வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸில் மாட்டி, ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்தால் கடல் பால்போல ஆகிவிடும். புயல் தின்ற ஊருக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. 1/500 விநாடியில் அலை உடைவதைப் பிடியுங்கள். அங்கே கொந்தளிக்கும் பக்கத்தை ஆண் கடல், அமைதியான பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். முதல் வரிக்கு ஆண் கடல் பக்கம் போங்கள். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7-க்குக் குறையுங்கள், போனில் திரையைத் தொட்டுக் கீழே இழுத்தால் போதும்.

படி 5: எடிட்டிங்

சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) கூட்டாதீர்கள். நிறுத்திய வேன், ஐஸ்கிரீம் வண்டி எல்லாவற்றையும் கிராப் செய்யுங்கள். ஆனால் காயப்போட்ட சட்டை இருந்தால், இரண்டாவது வரிக்காரர்கள் அதை வெட்டவே கூடாது.