ஸ்கூல் ஸோன் மாறப்போகிறது என்று ஈமெயில் வந்தால்: டாலஸ் பக்கம் குடியிருக்கும் பெற்றோருக்குப் படிப்படியாக

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ, ப்ராஸ்பர் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இந்த ஸ்கூலுக்காகத்தான் இந்த வீட்டையே வாங்கினோம். இப்போ ஸோனை மாத்தறாங்களாம்." ஸோன் என்றால், எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த அரசுப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று போட்டிருக்கும் எல்லை.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஓர் ஈமெயில் வந்தது. அக்டோபர் மாதம், ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரம். பெரியவள் அப்போது நான்காம் வகுப்பு, சின்னவன் கிண்டர்கார்டன். கூடவே வந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நீலக்கோடு எங்கள் தெருவின் நடுவிலேயே ஓடியது. எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழைய ஸ்கூல், எங்கள் பிள்ளைகளுக்கு வேறு ஸ்கூல். அந்த முதல் இரண்டு வாரம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை எல்லாம் நம்பி, யாரைக் கேட்பது என்றே தெரியாமல் வீணாக்கிவிட்டோம். புதிதாக வந்தவர்களுக்கு அந்த நிலைமை வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டெக்சாஸில் அரசுப் பள்ளிகளை நடத்துவது நகராட்சி இல்லை. ஐ.எஸ்.டி. (இன்டிபென்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்), சுருக்கமாக டிஸ்ட்ரிக்ட் என்று சொல்கிறோமே, அது தனி அமைப்பு. அதற்குத் தனி வரி உண்டு, தேர்தலில் ஜெயித்து வரும் தனி போர்டும் உண்டு, பெரும்பாலான இடங்களில் ஏழு பேர். இதில் இரண்டு விதமான எல்லை இருக்கிறது. டிஸ்ட்ரிக்டுக்கும் பக்கத்து டிஸ்ட்ரிக்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்று. அது லேசில் மாறாது. டிஸ்ட்ரிக்டுக்கு உள்ளே ஒவ்வொரு ஸ்கூலுக்கும் போட்டிருக்கும் ஸோன் இன்னொன்று. அதை மாற்ற போர்டில் ஓர் ஓட்டெடுப்பு போதும்.

படி 1: எந்த டிஸ்ட்ரிக்ட் என்று பாருங்கள்

தபால் முகவரியில் "பிளேனோ" என்று இருந்தால் பிளேனோ ஐ.எஸ்.டி. என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யின் எல்லை பிளேனோ, மெக்கின்னி, லிட்டில் எல்ம் ஊர்களுக்குள்ளும் போகிறது. ஃபிரிஸ்கோ நகரத்திலோ எல்லா வீடும் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி. கிடையாது, ப்ராஸ்பர் ஐ.எஸ்.டி.யில் வரும் வீடுகளும் உண்டு.

நம்பகமான வழி வரிக்கணக்குதான். காலின் கவுண்டியோ டென்டன் கவுண்டியோ, அந்தக் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (வரிக்காக வீட்டு மதிப்பைக் கணக்கிடும் அலுவலகம்) இணையதளத்தில் முகவரியைப் போட்டால், அந்த வீட்டுக்கு யார் யார் வரி விதிக்கிறார்கள் என்று வரும். அதில் எந்த ஐ.எஸ்.டி. பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் டிஸ்ட்ரிக்ட். வாடகைக்கு இருப்பவர்களும் இதைப் பார்க்கலாம், வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை.

படி 2: எந்த ஸ்கூல் என்று டிஸ்ட்ரிக்டிடமே கேளுங்கள்

டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் "ஸ்கூல் லொகேட்டர்" இருக்கும். வீட்டு எண்ணோடு முழு முகவரியையும் போடுங்கள். எலிமென்டரி, மிடில், ஹைஸ்கூல் மூன்றையும் குறித்துக்கொண்டு, தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஜில்லோ போன்ற தளங்களில் காட்டும் ஸ்கூல் பெயர் பழையதாக இருக்கலாம். ரியல்டர் நல்லவராகவே இருந்தாலும் ஸோனுக்கு அவர் பொறுப்பேற்க முடியாது.

புது வீடு பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பில்டரின் மாடல் ஹோமில் மாட்டியிருக்கும் படத்தில் "எதிர்கால எலிமென்டரி ஸ்கூல்" என்று ஒரு பச்சைக் கட்டம் இருக்கும். அது நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதற்கு மட்டும்தான் அடையாளம். எந்த வருடம் கட்டுவார்கள், கட்டினாலும் உங்கள் தெரு அந்த ஸோனில் வருமா என்பதெல்லாம் போர்டு கையில் இருக்கிறது.

படி 3: ஏன் மாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காரணம் தெரியாமல் எதிர்ப்பு சொன்னால் எடுபடாது. பொதுவாக இரண்டு காரணம்தான். வடக்கே ப்ராஸ்பர், செலினா பக்கம் வீடுகள் மளமளவென்று எழும்புகின்றன. புது ஸ்கூல் திறக்கும்போதெல்லாம் பழைய ஸ்கூலின் ஸோனிலிருந்து கொஞ்சம் வெட்டித்தான் கொடுக்க வேண்டும். தெற்கே நிலைமை நேர் எதிர். பிளேனோவில் பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், பெற்றோர் அதே வீட்டில் இருக்கிறார்கள். வீட்டு விலை ஏறிவிட்டதால் சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் இன்னும் வடக்கே போகின்றன. 2024 ஜூனில் பிளேனோ ஐ.எஸ்.டி. போர்டு டேவிஸ், ஃபோர்மன் என்ற இரண்டு எலிமென்டரி ஸ்கூல்களையும் ஆம்ஸ்ட்ராங், கார்ப்பென்டர் என்ற இரண்டு மிடில் ஸ்கூல்களையும் மூட முடிவு செய்தது. அதே வருடம் டிசம்பரில், ஒரு காலத்தில் வருடா வருடம் ஸ்கூல் திறந்துகொண்டிருந்த ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யே ஸ்டேலி மிடில் ஸ்கூலை மூட ஓட்டுப் போட்டது. ஒரு ஸ்கூலை மூடினால் அந்தப் பிள்ளைகளைச் சுற்றியுள்ள ஸ்கூல்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் அல்லவா, அதனால் மூடாத ஸ்கூல்களின் ஸோனும் சேர்ந்தே மாறும்.

பணமும் இதில் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் டிஸ்ட்ரிக்டுக்குப் பணம் கொடுப்பது பெயர்ப் பதிவை வைத்து அல்ல, தினசரி வருகையின் சராசரியை வைத்து. பாதி காலியான கட்டடத்துக்கும் ஏசி, பிரின்சிபால், நர்ஸ் எல்லாம் வேண்டும். இன்னொரு பக்கம், நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. அதை மீற விலக்கு கேட்டு வாங்க வேண்டும்.

வேறு மாநிலத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு: விதிகள் இடத்துக்கு இடம் மாறும். வட கரோலினாவில் கேரி, மோரிஸ்வில் அடங்கிய வேக் கவுண்டியில் நிரம்பிவிட்ட ஸ்கூல்களுக்கு உச்சவரம்பு போட்டு, புதிதாகக் குடிவருகிறவர்களை வேறு ஸ்கூலுக்கு அனுப்புகிறார்கள். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில் எல்லைகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முழுசாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 2024இல் விதியைத் திருத்தினார்கள்.

படி 4: ஈமெயில் வரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

என் அனுபவத்தில் இதுதான் மிக முக்கியமான படி. பெற்றோருக்கு ஈமெயில் வரும் நேரத்தில் வரைபடம் கிட்டத்தட்டத் தயாராகியிருக்கும். அதற்குப் பல மாதம் முன்பே போர்டு கூட்டத்தில் மக்கள்தொகைக் கணிப்பு அறிக்கை ஒன்றை வைத்திருப்பார்கள். எந்தத் தெருவில் எத்தனை வீடு கட்டி முடிந்தது, எத்தனை மனை பாக்கி, அடுத்த வருடங்களில் ஒவ்வொரு ஸ்கூலிலும் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று அதில் இருக்கும். வளரும் டிஸ்ட்ரிக்டுகள் பலவற்றில் இது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். போர்டு கூட்டங்களின் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

அதைத் திறந்து உங்கள் ஸ்கூலின் வரிசைக்குப் போங்கள். உதாரணத்துக்கு, கட்டடத்தில் 750 பேருக்கு இடம், மூன்று வருடம் கழித்து 640 பேர் இருப்பார்கள் என்று போட்டிருந்தால் அது 85 சதவீதம், பயப்பட ஒன்றுமில்லை. அதே 750 இடத்துக்கு 900 பேர் என்றால் 120 சதவீதம். உங்கள் ஸோனை வெட்டப் போகிறார்கள் என்று எதிர்பார்க்கலாம். 400 என்றால் 53 சதவீதம். வேறு ஸ்கூலோடு சேர்க்கும் பேச்சு வரலாம். பின்பக்கம் நிறுத்தியிருக்கும் போர்ட்டபிள் வகுப்பறைகளையும் அந்த 750இல் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பொறுத்து கணக்கே தலைகீழாக மாறும்.

படி 5: வரைபடத்தை நிதானமாகப் படியுங்கள்

பெரும்பாலும் ஏ, பி என்று இரண்டு மூன்று வரைபடங்கள் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் தெருவைத் தேடுங்கள். கோடு எதன் மேல் போகிறது என்று பாருங்கள்: பெரிய சாலையா, ஓடையா, இரண்டு வீட்டுமனைகளுக்கு நடுவிலா? சாலையும் ஓடையும் என்றால் காரணம் சொல்வார்கள். எங்களுக்கு நடந்த மாதிரி ஒரே குடியிருப்பின் உள்தெருவில் கோடு போனால், அது கேள்வி கேட்க வேண்டிய இடம்.

அப்புறம் எலிமென்டரியோடு நிறுத்தாதீர்கள். இந்த எலிமென்டரியிலிருந்து எந்த மிடில் ஸ்கூல், அங்கிருந்து எந்த ஹைஸ்கூல் என்று தொடர்ச்சியைப் பாருங்கள். ஒரு எலிமென்டரியின் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு மிடில் ஸ்கூலுக்குப் போனால், ஆறாம் வகுப்பில் நண்பர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். பல டிஸ்ட்ரிக்டுகள் அதைத் தவிர்ப்பதையே ஒரு நோக்கமாக எழுதி வைத்திருக்கின்றன.

படி 6: இந்தக் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்

யார் பழைய ஸ்கூலிலேயே தொடரலாம்? ஒரு ஸ்கூலின் கடைசி வகுப்புக்குப் போகிற பிள்ளைகளைப் பல டிஸ்ட்ரிக்டுகள் அங்கேயே முடிக்க விடுவதுண்டு. ஆனால் தானாக நடக்காது, குறிப்பிட்ட தேதிக்குள் படிவம் கொடுக்க வேண்டியிருக்கும்.

தம்பி தங்கைக்கும் அது பொருந்துமா? எங்களுக்கு இடித்தது இங்கேதான். பெரியவள் ஐந்தாம் வகுப்பைப் பழைய ஸ்கூலில் முடிக்கலாம், சின்னவன் மட்டும் புது ஸ்கூல் என்றார்கள். இரண்டு ஸ்கூலுக்கும் ஒரே மணிக்குப் பெல். என் கணவருக்கு ஏழு மணிக்கே வேலை. நான் ஒருத்தி எப்படி இரண்டு வாசலில் நிற்பது?

பஸ் உண்டா? தொடர அனுமதித்தாலும் பஸ் தராத டிஸ்ட்ரிக்ட் நிறைய. டெக்சாஸ் மாநிலம் பஸ்ஸுக்குப் பணம் தருவது பெரும்பாலும் ஸ்கூலிலிருந்து இரண்டு மைல் அல்லது அதற்கு மேல் தள்ளி இருக்கும் பிள்ளைகளுக்குத்தான். அதற்குள் இருந்தாலும் நடக்கும் வழி ஆபத்தானது என்று டிஸ்ட்ரிக்ட் அறிவித்திருந்தால் விலக்கு கிடைக்கும். புது ஸ்கூலுக்கு ஆறு வழிச் சாலையைத் தாண்ட வேண்டும் என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் பிள்ளை என்றால், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அதே உதவிகள் தொடர வேண்டும். புது ஸ்கூலில் யார் பொறுப்பு என்று பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: போய்ப் பேசுங்கள்

"நாம எச்1பி, நாம எப்படி பேசறது?" என்று தயங்குகிறவர்கள் நம்மில் அதிகம். போர்டு தேர்தலில் ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும். கூட்டத்தில் பேசுவதற்கு விசாவும் கிரீன் கார்டும் யாரும் கேட்க மாட்டார்கள். டெக்சாஸில் 2019இல் வந்த சட்டப்படி, நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயத்தைப் பற்றிப் போர்டு முடிவெடுக்கும் முன் பொதுமக்களைப் பேச விட வேண்டும். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுகிறவருக்கு இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். பேரனை தினமும் கையைப் பிடித்து ஸ்கூலுக்கு நடத்திப் போகும் பாட்டி, தமிழிலேயே அந்த வழியைப் பற்றிச் சொல்லலாம்.

பெயர் பதிவு செய்யக் கடைசி நேரம் உண்டு, அதைத் தவற விட்டால் உள்ளே உட்கார்ந்து கேட்க மட்டும்தான் முடியும். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம், கூட்டம் அதிகமானால் இன்னும் குறைப்பார்கள். அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பேசியது சுமாராக இப்படி:

"என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. உங்கள் பி வரைபடப்படி இரண்டு பேரும் வேறு வேறு ஸ்கூல், இரண்டிலும் ஒரே பெல். எங்கள் தெருவில் இதே நிலையில் ஆறு குடும்பம் இருக்கிறோம், பட்டியல் கொடுத்திருக்கிறேன். தம்பி தங்கைகள் ஒரு வருடம் மட்டும் சேர்ந்து படிக்க அனுமதி கொடுங்கள். ஆறு வீட்டுக்கும் பஸ் வேண்டாம், நாங்களே கொண்டுவந்து விடுகிறோம்."

கோடு மாறவில்லை. அந்த ஒரு வருட அனுமதி கிடைத்தது.

என்ன பேசக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். "அந்த அபார்ட்மென்ட் பிள்ளைகள் வந்தால் ஸ்கூல் ரேட்டிங் குறையும்", "எங்கள் வீட்டு விலை விழும்" என்று நம்மவர்கள் சிலர் மைக்கில் சொன்னதை நானே கேட்டேன், மனசு வலித்தது. நம்மில் பாதிப் பேர் வந்த புதிதில் அபார்ட்மென்டில்தானே இருந்தோம்? இந்த நாட்டில் ஸ்கூல் எல்லைக்குக் கசப்பான வரலாறு உண்டு. நிறத்தை வைத்து அரசுப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்துக்கு விரோதம் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், பல ஊர்களில் எல்லையை வளைத்து வளைத்தே அதைத் தொடர்ந்தார்கள். அந்த மேடையில் நின்று யாருடைய பிள்ளையையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன தேவையோ அதைக் கேளுங்கள்.

படி 8: ஓட்டு முடிந்த பிறகு

தொடரும் படிவத்தின் கடைசித் தேதியை போனில் அலாரமாக வையுங்கள். பிள்ளையின் பதிவு புது ஸ்கூலுக்குத் தானாக மாறிவிடும் என்று சொன்னாலும், ஸ்கூல் பதிவுப் பக்கத்தில் புது ஸ்கூல் பெயர் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். முகவரிச் சான்றாக வீட்டு லீஸ், கரண்ட் பில் அல்லது தண்ணீர் பில்லைக் கையில் வைத்திருங்கள்.

டெக்சாஸில் பல டிஸ்ட்ரிக்டுகளில் ஆகஸ்ட் நடுவில் ஸ்கூல் திறந்துவிடும். அதற்கு முன்னால் ஜூலையில் ஒருநாள் வெயில் ஏறும் முன் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புது ஸ்கூல் வரை நடந்து பாருங்கள். எந்தச் சந்திப்பில் சாலையைக் கடப்பது, எங்கே நிழல் இல்லை, சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று அவனே சொல்லட்டும். எங்கள் சின்னவன் தன் முறை வந்த வருடம் அப்படிப் போனபோது, வாசல் கம்பி வழியாக விளையாட்டு மைதானத்தைப் பார்த்துவிட்டு, "இங்க ரெண்டு சறுக்கு இருக்கும்மா" என்றான்.