இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் வரையலாம், வாங்க

சாக்பீஸை எடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டி வையுங்கள். கார் வைப்பர் போல இரண்டையும் ஒரே பக்கமாக ஆட்டுங்கள்: இடம், வலம், இடம், வலம். மெதுவாக ஆட்டும்வரை ஒன்றும் ஆகாது. அப்படியே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் உங்களைக் கேட்காமலே விரல்கள் கட்சி மாறிவிடும். இரண்டும் சேர்ந்து உள்ளே வரும், சேர்ந்து வெளியே போகும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் கெல்சோ 1980களில் இதைத்தான் அளந்து காட்டினார்.

கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராக அசையும்போது, இரண்டு கையிலும் அதே தசைகள் அதே நேரத்தில் வேலை செய்கின்றன. கைகளுக்கு அதுதான் சுலபம். நாமும் அந்தச் சுலபமான பக்கத்திலிருந்தே தொடங்குவோம். எடுத்த எடுப்பில் ஒரு கையில் யானை, மறு கையில் குதிரை என்று போனால் இரண்டும் வராது.

என்ன வேண்டும்?

கரும்பலகையும் ஒரே நீளத்தில் இரண்டு சாக்பீஸும் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. இல்லையென்றால் பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிச் சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள், இரண்டு கிரேயான் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் வேண்டாம். பழக்கமில்லாத கை தேவைக்கு மேல் அழுத்தும், முனை உடைந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்து நோட்டில் வரைவதும் இப்போதைக்கு வேண்டாம். தாளின் நடுப்பகுதி உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வரட்டும்.

படி 1: நடுக்கோடும் வட்டமும்

தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். கோட்டின் மேல் ஒரு புள்ளி. பார்வை அந்தப் புள்ளியிலேயே நிற்க வேண்டும். ஒரு கையைப் பார்க்கப் போனால் மற்றது வழி தவறிவிடும்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு வட்டம், உச்சியிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக. வலது கை கடிகாரம் சுற்றும் திசையில் போகும், இடது கை அதற்கு எதிராகப் போகும். மணிக்கட்டைத் திருகாமல் தோளிலிருந்து சுற்றுங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். நிறுத்தாமல் அதன் மேலேயே இருபது சுற்று. முதல் ஐந்து கோணலாக இருக்கும், அப்புறம் தானாக உருளும்.

படி 2: பானை

ஒரு வாரம் இதிலேயே இருந்தாலும் தவறில்லை. இரண்டு சாக்பீஸும் நடுக்கோட்டில், மேலே, ஒரே இடத்தில் தொடட்டும். இரண்டையும் வெளியே இழுங்கள், அதுதான் வாய் விளிம்பு. நில். உள்ளே வாருங்கள், அது கழுத்து. நில். இப்போது வயிறு: அகலமாக வெளியே போய், வளைந்து, கீழே இறங்கி, அடியில் சேர வேண்டும். சரியாக வந்தால் இரண்டு சாக்பீஸும் அடியில் ‘டொக்’ என்று முட்டும். அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப வரையத் தோன்றும்.

என் முதல் பானை பல்வலிக்காரர் முகம் போல இருந்தது, ஒரு கன்னம் மட்டும் வீங்கி. கெடுவது பெரும்பாலும் கழுத்திலிருந்து வயிற்றுக்குத் திரும்பும் இடத்தில்தான். இடது கை சொன்னபடி கேட்கவில்லை என்று நானும் பல நாள் அதையே திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவசரப்பட்டது வலது கை. பழகிய கை என்பதால் அது முன்னே ஓடிவிடும், மற்றது பின்னால் இழுபடும். ஆகவே தலைமையை இடது கைக்குக் கொடுங்கள். கண் நடுக்கோட்டில், கவனம் இடது கையில். அது போகும் வேகத்துக்கு வலது கை காத்திருந்து போகட்டும். (நீங்கள் இடது கைக்காரர் என்றால் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.) ‘வெளியே, நில், உள்ளே, நில்’ என்று வாய்விட்டுச் சொல்வது நன்றாகவே உதவும். கோணலை அழித்துத் திருத்த வேண்டாம், அதன் மேலேயே இன்னொரு பானை போடுங்கள்.

படி 3: இரு பக்கமும் ஒத்தவை

அரச இலை, பட்டாம்பூச்சி, குத்துவிளக்கு என்று போகலாம். கோலம் போடத் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பல சிக்குக் கோலங்கள் சுழற்றினால்தான் ஒத்துப்போகும், நடுவில் மடித்தால் ஒத்துப்போகாது. அவை இந்த வேலைக்கு ஆகாது. தாமரை, விளக்கு மாதிரிக் கோலங்கள் ஆகும்.

இடையில் ஒரு வார்த்தை. இப்படி வரைந்தால் மூளையின் இரு பாதியும் விழித்துக்கொள்ளும் என்று விளம்பரம் செய்து கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கதை பழசு. 1903இல் லண்டனில் இரு கைப் பழக்கத்தைப் பரப்பவே ஒரு சங்கம் தொடங்கி, கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். மூளை வளர்ந்ததற்குச் சான்று ஒன்றும் வரவில்லை. அதற்கு முன்பே பிலடெல்பியாவில் லிபர்டி டாட் என்ற ஓவிய ஆசிரியர் பிள்ளைகளைக் கரும்பலகை முன் நிறுத்தி இரு கையாலும் வரையவைத்தார். நான் வரைவது கை இலகுவாகிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும்தான்.

படி 4: ஒரே திசை

இரண்டு கையும் இடமிருந்து வலமாக அலை போடட்டும். அந்த விரல் சோதனை இங்கே பழிவாங்கும். வேகம் கூடினால் கைகள் மறுபடி எதிரெதிராக ஓடும். அதனால் நத்தை வேகம் போதும். அப்புறம் இரண்டு கையிலும் ‘ட’ எழுதிப் பாருங்கள். இடது கை அதைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சாதுவாக நிற்கும்.

படி 5: ஒன்றில் வட்டம், ஒன்றில் சதுரம்

மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பெரிய நரம்புக் கற்றை ஒன்று உண்டு. கடுமையான வலிப்பு நோய்க்காக அதை வெட்டிவிட்டவர்கள், இரு கையாலும் வெவ்வேறு வடிவங்களை ஒன்றோடொன்று இடறாமல் வரைந்தார்கள் என்று 1996இல் ஓர் ஆய்வு வந்தது. நமக்கு அந்தக் கற்றை முழுசாக இருப்பதால் சதுரத்தின் மூலை மழுங்கும், வட்டத்துக்கு மூலை முளைக்கும். இதற்கு ஒரு வழி, நான்கு வரை எண்ணுவது. ‘ஒன்று’ என்னும்போது சதுரத்தில் ஒரு பக்கம், வட்டத்தில் கால் பங்கு. ‘இரண்டு’, அடுத்த பக்கம், அடுத்த கால் பங்கு. எண்ணுக்கு எண் இரண்டும் ஒன்றாக முடிய வேண்டும். தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

வந்துவிட்டதா? சரி, இப்போது கை மாற்றுங்கள். வட்டம் போட்ட கையில் சதுரம்.