டூட்டில உயிர் விட்ட பழைய போலீஸ்காரருக்கு நினைவு நாள் நடத்தணும்னா எங்க ஆரம்பிக்கறது, என்னென்ன பண்றது

வருஷா வருஷம் அக்டோபர் 21 காலைல மெரினா எதிர்ல டிஜிபி ஆபீஸ் வளாகத்துல இருக்கற நினைவுச் சின்னத்துல மலர் வளையம் வெச்சு மரியாதை செலுத்துவாங்க. 1959ல அதே தேதில லடாக்ல ஹாட் ஸ்பிரிங்ஸ்ங்கற இடத்துல சீனப் படை சுட்டதுல சிஆர்பிஎஃப் (மத்திய ரிசர்வ் போலீஸ் படை) ஆளுங்க 10 பேர் செத்தாங்க, அதை வெச்சுத்தான் நாடு முழுக்க அன்னிக்கு காவலர் வீரவணக்க நாள். ஆனா ஒண்ணு கவனிங்க, அன்னிக்கு வாசிக்கறது முந்தின செப்டம்பர்ல இருந்து அந்த வருஷ ஆகஸ்ட் வரைக்கும் இறந்தவங்க பேரு. 1960கள்லயோ 70கள்லயோ போன ஒரு ஏட்டோட பேரு அதுல வராது. அதுக்கப்புறம் அந்தப் பேரைச் சொல்றதுக்கு அவர் வீடு, அவர் தெரு, அவர் வேலை பார்த்த ஸ்டேஷன் இவ்ளோதான் இருக்கு. நம்ம சென்னைல அப்படி ஒருத்தர் உங்க குடும்பத்துலயோ தெருவுலயோ இருந்திருந்தா தயவுசெஞ்சு இதைப் பண்ணுங்க, தள்ளிப் போடாதீங்க, ஏன்னா அவரை நேர்ல பார்த்தவங்களுக்கெல்லாம் வயசாகிட்டே போகுது.

முதல்ல அவர் வீட்டு ஆளுங்க கிட்ட சம்மதம் கேளுங்க. இது ரொம்ப முக்கியம். அவரோட மனைவி இன்னும் இருந்தாங்கன்னா அவங்க வார்த்தைதான் கடைசி, அவங்க வேணாம்னா விட்ருங்க, வீட்டுக்குள்ள ஒரு விளக்கு ஏத்தினா போதும்னு சொன்னா அதோட நிறுத்திக்கோங்க. சரின்னாங்கன்னா பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க. ஃபேமிலி பென்ஷன் புக், வாரிசு வேலை குடுத்தப்போ வந்த ஆர்டர், டெத் சர்ட்டிஃபிகேட், இதுல எதாவது ஒண்ணு கெடைச்சாலே ரேங்க், ஸ்டேஷன், இறந்த தேதி மூணும் வந்துரும். பி.சி., அதாவது போலீஸ் கான்ஸ்டபிளா இருந்தவர்னா அவரோட நம்பரையும் கண்டிப்பா குறிச்சுக்கோங்க, ஒரே ஸ்டேஷன்ல ரெண்டு மூணு மாணிக்கம் இருந்திருப்பாங்க, வெறும் பேரை மட்டும் வெச்சு தேடினா வேற ஒருத்தர் ஃபைல் வந்து நிக்கும்.

அடுத்து எந்த எல்லைன்னு பாருங்க, நெறைய பேர் இங்கதான் சுத்திட்டே இருப்பாங்க. இன்னிக்கு சென்னைன்னு நாம சொல்ற அம்பத்தூர், ஆவடி, தாம்பரம் எல்லாம் அப்போ சிட்டி போலீஸ் கிடையாது, செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டம் 1997ல காஞ்சிபுரம், திருவள்ளூர்னு பிரிஞ்சுது, 2022ல ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனித்தனி கமிஷனரேட் வந்துருச்சு. அதனால 1970ல ஆவடில இறந்தவர் பேப்பரை வேப்பேரி கமிஷனர் ஆபீஸ்ல போய் கேட்டா இங்க இல்லைன்னுதான் சொல்லுவாங்க, அது அவங்க தப்பு இல்ல.

தேதி தெரிஞ்சா நேரா பாந்தியன் ரோடு கன்னிமாரா லைப்ரரிக்குப் போங்க. 1896ல தொறந்த லைப்ரரி, பழைய பேப்பருக்கு அங்கதான் முதல்ல போகணும். சம்பவம் நடந்த மறுநாள் பேப்பரோட நிறுத்தாதீங்க, முதல் நாள் செய்தில பேரு ரேங்க் எல்லாம் தப்பா இருக்கறது சகஜம், அடுத்து வர்ற ரெண்டு மூணு நாளையும் பாருங்க, இறுதி ஊர்வலச் செய்தில தான் அவர் எந்த ஊர்க்காரர், எத்தனை பசங்கன்னு எல்லாம் வரும். போட்டோ எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடுங்க. எழும்பூர் ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல இருக்கற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல உள்துறை அரசாணைங்க இருக்கு, குடும்பத்துக்கு உதவித்தொகை குடுத்த ஜி.ஓ. மாதிரி எதாவது அங்க மாட்டலாம். கொலை கேஸா நடந்து அப்பீல் போயிருந்தா ஹைகோர்ட் தீர்ப்புல சம்பவம் முழுசா இருக்கும், ஆனா அதை வீட்டுப் பெரியவங்களுக்குப் படிச்சுக் காட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை தனியா படிச்சிருங்க, காயம் பத்தின பகுதி எல்லாம் தாங்க முடியாது.

ஸ்டேஷன்ல எஃப்ஐஆர், ஜெனரல் டைரி (அன்னன்னிக்கு நடந்ததை எழுதற புக்) இருக்கான்னு ஸ்டேஷன் எழுத்து வேலை பாக்கற ரைட்டர் கிட்ட கேட்டுப் பாக்கலாம், ஆனா அவ்ளோ பழசு பெரும்பாலும் அழிச்சிருப்பாங்க. ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடறதா இருந்தா பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொது தகவல் அலுவலருக்கு அனுப்புங்க, 30 நாள்ல பதில் வரணும். மனுலயே ஒரு வரி சேருங்க: சட்டத்தோட 8(3) பிரிவு. 20 வருஷத்துக்கு முந்தின சம்பவம்னா தகவல் மறுக்கறதுக்கு இருக்கற காரணங்கள்ல பெரும்பாலானது செல்லாதுன்னு அந்தப் பிரிவு சொல்லுது. கேள்வியைச் சின்னதா கேளுங்க, பணிப்பதிவேட்டோட நகல், இறப்பு பத்தின உத்தரவு, பதக்கம் எதுவும் குடுத்தாங்களா, அவ்ளோதான். நூறு கேள்வி கேட்டா ஒண்ணுக்கும் பதில் வராது. டெல்லி சாணக்யபுரில 2018ல தொறந்த தேசிய காவலர் நினைவுச் சின்னத்துல இருக்கற சுவர்ல சுதந்திரத்துக்கு அப்புறம் இறந்தவங்க பேரு 34,000க்கு மேல பொறிச்சிருக்காங்க, அங்க யாராவது சொந்தக்காரங்க இருந்தா அவர் பேரு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

பேப்பரை விட பெரிய விஷயம் ஆளுங்க. புதுப்பேட்டை, கொண்டித்தோப்பு போலீஸ் லைன் (போலீஸ் குடியிருப்பு) பக்கம் வாழ்ந்தவங்களைக் கேட்டா, கூட வேலை பார்த்தவங்க எப்படியாவது கெடைப்பாங்க, ஒருத்தர் கெடைச்சா அவர் இன்னொருத்தரைச் சொல்லுவாரு. போன உடனே எப்படி செத்தாருன்னு கேக்காதீங்க. அவர் எந்த எடத்துல பாரா (காவல்) நிப்பாரு, சைக்கிள்ல வருவாரா நடந்து வருவாரா, நைட் ரவுண்ட்ஸ் முடிஞ்சு எந்தக் கடைல டீ குடிப்பாரு, திட்டுவாரா, பாடுவாரா, இதெல்லாம் கேளுங்க. அரை டிராயரும் உயரத் தொப்பியுமா இருக்கற ஒரு பழைய குரூப் போட்டோ இருந்தா கையில குடுங்க, அதுக்கப்புறம் நீங்க ஒண்ணும் கேக்க வேண்டியதே இல்ல, அவங்களே ஒவ்வொரு மூஞ்சியா விரல் வெச்சு சொல்லிட்டு வருவாங்க, கடைசில அந்த ராத்திரிக்கும் அவங்களே வருவாங்க. அழுதா ஃபோன் ரெக்கார்டிங்கை நிறுத்திட்டு சும்மா உக்காருங்க. ரெண்டு பேர் சொல்றது வேற வேறயா இருந்தா ரெண்டையும் எழுதி வெச்சுக்கோங்க, நீங்களா ஒண்ணாக்காதீங்க. ஒத்தை ஆளா பத்து பேரை அடிச்சாருங்கற மாதிரி கதை யாராவது சேர்த்தா அதை விட்ருங்க, அவர் டூட்டில இருந்தாரு, கூப்பிட்ட எடத்துக்குப் போனாரு, திரும்பி வரல, அதுவே பெரிசு.

இதை எல்லாம் சேர்த்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்க. பேரு, ரேங்க், நம்பர், ஊரு, ஸ்டேஷன், தேதி, என்ன நடந்துச்சு, அவர் எப்படிப்பட்ட மனுஷன். கொன்னவன் பேரு வேணாம்னு நான் உறுதியா நெனைக்கறேன், அந்தக் குடும்பத்துலயும் பேரப்பசங்க இருப்பாங்க, அதுவும் கேஸ்ல விடுதலை ஆனவங்க பேரைப் போட்டா சிக்கல். ஜாதி, கட்சி ரெண்டையும் கிட்டயே விடாதீங்க. கலவரத்துல இறந்தவர்னா இன்னும் கவனமா எழுதுங்க, அன்னிக்கு பொதுமக்களும் செத்திருந்தா அதையும் ஒரு வரி சொல்றது தான் நியாயம்.

நாள் எதுன்னு ஒரு சின்ன குழப்பம் வரும். வீட்டுல திதி பார்த்துக் குடுப்பாங்க, அது வருஷத்துக்கு வருஷம் மாறும், ஸ்டேஷனுக்கு இங்கிலீஷ் தேதிதான் சரிப்படும், அதனால திதி வீட்டோட, தேதி தெருவோடன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு மூணு வாரம் முன்னாடியே இன்ஸ்பெக்டரைப் பார்த்து அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்து ஒரு லெட்டர் குடுங்க. மரியாதை குண்டு, பேண்டு எல்லாம் கேக்காதீங்க, அதுக்கு மேல ஆர்டர் வேணும். காலைல ரோல் கால் (போலீஸ்காரங்க வரிசைல நின்னு பேர் குடுக்கற) சமயத்துல அஞ்சு நிமிஷம், போட்டோவுக்கு ஒரு மாலை, அந்தப் பக்கத்தை வாசிக்கறது, ரெண்டு நிமிஷம் மௌனம், இவ்ளோ கேளுங்க. வாசிக்கறது பேரனோ பேத்தியோ ஒரு இளம் கான்ஸ்டபிளோ இருந்தா நல்லாருக்கும், அரசியல்வாதி மைக் புடிக்க வேணாம்.

ஃப்ளெக்ஸ் பேனர் வைக்கவே வைக்காதீங்க. 2019ல பள்ளிக்கரணைல பேனர் விழுந்து ஒரு பொண்ணு உயிர் போனதை இந்த ஊர் மறக்கல, மக்களைக் காப்பாத்தப் போய் செத்தவருக்கு ரோட்டை மறிச்சு பேனர் வைக்கறதை என்னால ஏத்துக்கவே முடியாது. அந்தக் காசுல போலீஸ் நடத்தற சிறுவர் சிறுமியர் மன்றத்துக்கு அவர் பேருல புக், கேரம் போர்டு வாங்கிக் குடுங்க, கோடைல நாள் வந்தா ஸ்டேஷன் வாசல்ல தண்ணீர் பந்தல் போடுங்க. கல்வெட்டு வைக்கணும்னா ஸ்டேஷனுக்குள்ளன்னா டிபார்ட்மென்ட் பெர்மிஷன், தெருவுலன்னா கார்ப்பரேஷன் பெர்மிஷன், ரெண்டுமே லேட்டாகும், ஆனா கேட்டுட்டே இருங்க.

முன்னுதாரணம் வேணும்னா இருக்கு. 1980ல நக்சலைட்டுங்க குண்டுல இறந்த இன்ஸ்பெக்டர் பழனிச்சாமிக்கும் கூட இருந்த போலீஸ்காரங்களுக்கும் திருப்பத்தூர்ல இன்னமும் அஞ்சலி நடக்குது. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர்னா எல்லாருக்கும் ராஜீவ் காந்தி ஞாபகம் வரும், அதே குண்டுல எஸ்.பி. முகமது இக்பால், இன்ஸ்பெக்டர் ராஜகுருன்னு எத்தனை போலீஸ்காரங்க போனாங்க, அவங்க பேரை அன்னிக்கு ஒருதடவை வாய் விட்டு சொல்லுங்க, அங்க போக முடிஞ்சா போங்க.

எல்லாம் முடிஞ்சதும் அந்த ஒரு பக்கத்தையும் போட்டோவையும் நாலு காப்பி எடுத்து வீட்டுக்கு ஒண்ணு, ஸ்டேஷனுக்கு ஒண்ணு, அவர் படிச்ச ஸ்கூல் தெரிஞ்சா அங்க ஒண்ணு, எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸ்ல 2021ல தொறந்த போலீஸ் மியூசியத்துக்கு ஒண்ணு குடுங்க, மியூசியத்துல வாங்கிக்கறாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. பழைய பேட்ஜ், பெல்ட், தொப்பி எதாவது இருந்து வீட்டுல குடுக்க மனசு இருந்தா அதையும் அப்போவே பேசிரலாம், எழுத்துல ரசீது வாங்காம மட்டும் ஒரு பொருளும் குடுக்காதீங்க.