பழைய காருக்கு டயர் வாங்கும்போது பட்டனை விடுங்கள், தேதியைப் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றலாமா என்று யோசிக்கும்போது முதலில் குனிந்து பட்டனைத்தான், அதாவது தரையில் படுகிற ரப்பர் மேடுகளைத்தான் பார்க்கிறார்கள். பட்டன் உயரமாக இருந்தால் டயர் நல்ல டயர். தினமும் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு சரி. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் பள்ளித் திருநாளுக்கும் மட்டும் வெளியே வரும் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் இது உதவாது. அந்த வண்டிகளில் பட்டன் தேய்வதற்கு ரொம்ப முன்பே ரப்பர் கெட்டுப்போகும்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். கொஞ்சம் ரப்பர் மரம், ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர், அதை உலர்த்த ஒரு புகைப்புரை, அதோடு அப்பா காலத்து மார்க் 2 அம்பாசடர். அடித்த ஷீட்டை வெயிலில் போட்டு மறந்தால் கெட்டுப்போகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டயருக்கும் வெயில் ஆகாது, காற்றில் உள்ள ஓசோனும் ஆகாது. அதற்காகத்தான் டயர் ரப்பரில் மெழுகும் பாதுகாப்பு மருந்தும் கலக்கிறார்கள். டயர் உருளும்போது ரப்பர் வளைந்து நிமிரும். அந்த அசைவில் மெழுகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து ஒரு மெல்லிய படலமாகப் படியும். ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு அந்த அசைவு கிடையாது. அதனால்தான் ஓடாத டயரில் ஓடுகிற டயரைவிடச் சீக்கிரம் வெடிப்பு விழுகிறது.

வயதைத் தெரிந்துகொள்வது சுலபம். டயரின் பக்கத்தில் 'டாட்' (DOT) என்று ஆங்கிலத்தில் மூன்று பெரிய எழுத்துகள் இருக்கும். அந்த வரிசையின் கடைசியில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. மூன்று எண்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், அதில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். முழுத் தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சிட்டிருக்கும். வெளியே தெரியவில்லை என்றால் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய் உட்பக்கத்தைப் பாருங்கள்.

தேதியோடு விடாதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்து, முன் டயரின் பள்ளத்துக்குள் நகத்தை விட்டு அழுத்துங்கள். நல்ல ரப்பரில் நகம் லேசாகப் பதியும். கெட்டதில் வழுக்கும். பள்ளத்தின் அடியிலும், ரிம்மை ஒட்டிய ஓரத்திலும் முடி போன்ற வெடிப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். எண்ணெய் தடவிக் கருப்பாக்கிய டயரில் இவை கண்ணுக்குத் தெரியாது, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகு பாருங்கள். டீசல் துணியால் டயரைத் துடைத்து மினுக்குகிற வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள், டீசல் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும்.

மிஷ்லின் போன்ற கம்பெனிகள் 5 ஆண்டு ஆனதும் ஆண்டுக்கு ஒருமுறையாவது டயரைப் பரிசோதிக்கவும், 10 ஆண்டில் கட்டாயம் மாற்றவும் சொல்கின்றன. குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் வெயிலில் நிற்கும் வண்டிக்கு 7 ஆண்டே போதும் என்பது என் கருத்து. “பட்டன் அப்படியே இருக்கு அண்ணாச்சி, இன்னும் அஞ்சு வருசம் கெடக்கும்” என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டுத் தேதியைக் கேளுங்கள். புதிதாக வாங்கும் டயருக்கும் இதே கேள்விதான். பழைய அளவுகள் அதிகம் விற்பதில்லை, கடையில் நாலைந்து ஆண்டு கிடந்த டயரைப் புதுசு என்று தருவார்கள். ஓராண்டுக்குள் செய்தது கிடைக்கும் வரை காத்திருங்கள்.

அப்புறம் அளவு. மார்க் 2 அம்பாசடருக்கு 5.90-15, பழைய ஃபியட்டுக்கும் பத்மினிக்கும் 5.20-14. முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டுமே அங்குலத்தில். இவை கிராஸ்பிளை டயரின் அளவுகள், அதாவது உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து போகும் பழைய வகை. இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பது ரேடியல், அதில் நூல்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நேராகப் போகும். 5.90-15 இருந்த இடத்தில் 165/80 ஆர் 15 போடுவது வழக்கம்: அகலம் 165 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் நூற்றுக்கு 80, ரிம் 15 அங்குலம். அதன் விட்டம் கணக்குப்படி 645 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் போகும். உங்கள் பழைய டயரில் சாக்பீஸால் ஒரு கோடும் அதற்கு நேரே தரையில் ஒரு கோடும் போட்டு, வண்டியை ஒரு சுற்றுத் தள்ளி அளந்துவிடுங்கள். புது டயரின் சுற்றளவு அதோடு நூற்றுக்கு மூன்றுக்குள் ஒத்துப்போனால் ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது.

அகலமாகப் போட்டால் அழகு என்று 195, 205 தேடாதீர்கள். பழைய ரிம் குறுகலானது. டயரின் பக்கம் பிதுங்கும், ஒடித்துத் திருப்பும்போது மட்கார்டில் உரசும், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் உங்கள் தோள் வலிக்கும். எடைக் குறியீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் 82 என்று இருந்தால் அந்த டயர் 475 கிலோ தாங்கும், 86 என்றால் 530 கிலோ. காலி அம்பாசடரே 1,100 கிலோவுக்கு மேல். பின் சீட்டில் நாலு பேரும் டிக்கியில் கல்யாணப் பாத்திரமும் ஏறும் வண்டிக்கு 82-க்குக் கீழே போகவே கூடாது.

கிராஸ்பிளையா ரேடியலா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, வண்டியை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. 50 ஆண்டு தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விதிப்படி பழங்கால வண்டிகளுக்கான 'விஏ' பதிவெண் வரிசையில் பதிந்திருந்தால் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை, கண்காட்சிக்கும் பழைய கார் பேரணிக்கும்தான் அது. அந்த வண்டிக்குக் கிராஸ்பிளையே பொருத்தம். ஒடுக்கமான உருண்டைத் தோளோடு அது நிற்கிற அழகு ரேடியலில் வராது. ஆனால் நீங்கள் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குக் குடும்பத்தோடு போகிறவர் என்றால் ரேடியல் போடுங்கள். முப்பந்தல் காற்றில் கிராஸ்பிளை வண்டியின் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. பேச்சிப்பாறை ரோட்டில் ரப்பர் இலை விழுந்து நனைந்து கிடக்கிற வளைவில் ரேடியலின் பிடி நன்றாகவே தெரியும்.

இரண்டையும் கலக்காதீர்கள். ஒரே அச்சில் ஒன்று கிராஸ்பிளை, ஒன்று ரேடியல் என்பது கூடவே கூடாது. வேறு வழியில்லாமல் இரண்டு ரேடியல்தான் வாங்க முடிகிறது என்றால் அந்த இரண்டும் பின்னால் போக வேண்டும். முன்னால் போட்டால் வளைவில் பின்பக்கம் முதலில் வழுக்கும்.

டயரைக் கழற்றும் அன்றுதான் ரிம்மை முழுசாகப் பார்க்கக் கிடைக்கும், அவசரப்படாதீர்கள். டயர் வந்து உட்காருகிற விளிம்பில் விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். துரு செதில் செதிலாகக் கையில் வந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகு டயர் ஏற்றுங்கள். நட்டு ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம், வேறு ரிம் தேடுங்கள்.

பழைய ரிம்மில் ட்யூப்லெஸ் டயரை ட்யூப் இல்லாமல் ஓட்ட நினைக்காதீர்கள். காற்றுக் குறைந்தால் டயர் நழுவாமல் பிடிக்கிற மேடு அந்த ரிம்களில் இல்லை. புது டயருக்குப் புது ட்யூப், அதுவும் ரேடியலுக்கென்று செய்தது. வால்வு ஓட்டையை அளந்து வாங்குங்கள்: 11.5 மில்லிமீட்டருக்கு டிஆர் 13 வால்வு, ஏறத்தாழ 16-க்கு டிஆர் 15 வால்வு. பெரிய ஓட்டையில் சின்ன வால்வு ஆடி ஆடி அடியில் கிழியும். ஏற்றுவதற்கு முன் டயருக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பேப்பர் ஸ்டிக்கரை உரித்துவிட்டு டால்க் பவுடர் தூவச் சொல்லுங்கள். அந்தத் துண்டுப் பேப்பரே உரசி உரசி ட்யூப்பை ஓட்டையாக்கும்.

வண்டியின் கையேட்டில் உள்ள காற்றளவு கிராஸ்பிளைக்கானது. ரேடியலுக்கு அதைவிடச் சில பி.எஸ்.ஐ. கூடுதலாக வேண்டும், டயர் விற்கிறவரிடம் உங்கள் வண்டியின் எடையைச் சொல்லிக் கேளுங்கள். வீல் நட்டை மெஷினில் இறுக்க விடாமல் கை ஸ்பானரில் குறுக்கு மறுக்காக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒருமுறை பாருங்கள். முதல் 200 கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள், புது டயரின் மேல் வழுவழுப்பு போக வேண்டும்.

வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னிக்கு மட்டும் பழையதை வைத்தால் அவசரத்துக்கு மாட்டுகிற அன்றைக்கு அது கையை விரிக்கும். ஐந்தையும் ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போட்டு, மாதம் ஒருமுறையாவது திருவட்டாறு வரை ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.