ஒட்டும் முன் ஒரு துளை
மரம் இழைக்கும் வார்ப்பிரும்புச் சீவுளியில் விரிசல் விட்டிருந்தால், வெல்டிங்குக்கு முன் விரிசல் முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை இடுங்கள். கூர்முனையில் குவியும் இழுவிசையை வட்டத் துளை பரப்பிவிடும். விரிசல் மேலும் ஓடாது. முனை தெரியவில்லையா? மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, வெண்கட்டித் தூள் பூசினால் ஈரக்கோடு காட்டிக்கொடுக்கும். அந்த எண்ணெயை வெல்டிங்குக்கு முன் எரித்து நீக்க மறக்காதீர்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பட்டறையில் கொடுத்தாலும், நிக்கல் வெல்டிங் கம்பியால் ஒரு தடவைக்கு 25 மி.மீ. அளவே ஒட்டச் சொல்லுங்கள். உலர்ந்த சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். தண்ணீர் பட்டால் ஒட்டின் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கும்.

அடிவாங்கும் வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) தாடைக்கு இந்த ஒட்டு உதவாது. மலிவான சீவுளிக்கும் வேண்டாம்: கம்பியும் கூலியும் சேர்ந்தால் புதியதே வாங்கிவிடலாம்.